நோட்டில் ஏறாத சம்பளம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் செலவு ஏறிக்கொண்டே போவதைப் பற்றி இப்போது எல்லா வீட்டிலும் பேச்சு நடக்கிறது, ஆனால் அந்தப் பேச்சு ஆஸ்பத்திரி பில்லைத் தாண்டுவதில்லை. எங்கள் வீட்டு அனுபவத்தில் அந்த பில் வெறும் ஆரம்பம்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன், அறை வாடகை, மருந்து என்று எல்லாவற்றிலும் பெரும்பகுதியை இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டது. டிஸ்சார்ஜ் ஆன அன்று எங்கள் கையில் இருந்தது ஒரு மருந்துச் சீட்டும், 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள்' என்ற ஒரு வரியும். அந்த ஒரு வரிக்கு மட்டும் எந்த இன்சூரன்ஸும் இல்லை.

அது எவ்வளவு வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மாவின் முழங்காலை மெதுவாக மடக்கி, தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்துத் தன் பக்கமாக உருட்டி, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்து, அப்புறம் குதிகாலும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியும் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 12 தடவை. அலாரம் வைத்து எழுந்து அக்காதான் செய்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் நாங்கள் கொஞ்சம் அசந்துவிட்டோம், படுக்கைப் புண் வந்துவிட்டது, அதை ஆற்ற மூன்று மாதம் தினமும் டிரெஸ்ஸிங். அம்மா வலியை வாய்விட்டுச் சொல்லமாட்டார், போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

சரி, ஆள் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று சொல்கிறார்கள். வைத்துப் பார்த்தோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் உழைத்தால்கூட ஒரே ஒரு முதியவருக்கு நான்கு பேர் வேண்டும். எந்தச் சாதாரண குடும்பம் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கும்? அதனால் பகலுக்கு மட்டும் ஒரு அட்டெண்டர், இரவுக்கு அக்கா என்று ஆனது. ஏஜென்சி வருடா வருடம் தொகையை ஏற்றுகிறது, ஆனால் நாங்கள் கொடுப்பது முழுவதும் அந்த அட்டெண்டரின் கைக்குப் போவதில்லை. அவர் வீட்டிலும் படுத்த படுக்கையாக ஒரு மாமியார் இருக்கிறார், இங்கே அவர் வேலை பார்க்கும் நேரத்தில் அங்கே அவருடைய மகள் படிப்பை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இதைக் கேட்ட நாளிலிருந்து சம்பளம் ஏறுகிறதே என்று அவர்மீது குறைப்பட எனக்கு மனம் வருவதில்லை.

செலவு ஏறுவதற்குப் பேராசை மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வில்லியம் பாமோல் என்ற பொருளாதார அறிஞர் 1960களிலேயே இதை விளக்கியிருக்கிறார். இயந்திரம் வந்த பிறகு தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்தில் முன்பைவிடப் பல மடங்கு பொருள் செய்துவிடலாம், ஆனால் ஒரு முதியவரைக் குளிப்பாட்டி உடைமாற்ற அன்றைக்கு ஆன நேரம்தான் இன்றைக்கும் ஆகிறது. மற்ற வேலைகளில் கூலி ஏறும்போது இதிலும் ஏற்றினால்தான் ஆள் நிற்கும். அப்படியென்றால் இந்தச் செலவு தானாக இறங்கப் போவதில்லை. உலகத்தில் 80 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை 2020க்கும் 2050க்கும் இடையில் மூன்று மடங்காகி 42 கோடிக்கு மேல் போகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இவ்வளவு பெரிய பாரத்தை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் சுமந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஜெர்மனி 1995இல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்தது, ஜப்பான் 2000இல், தென் கொரியா 2008இல். ஜப்பானில் 40 வயதிலிருந்தே எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள், மீதியை வரிப்பணம் ஏற்கிறது, சேவை தேவைப்படும்போது பெரும்பாலானவர்கள் 10 சதவீதம் கொடுத்தால் போதும். ஜெர்மனியில் எனக்குப் பிடித்தது வேறொன்று: வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளும் உறவினருக்கு, சில நிபந்தனைகளோடு, ஓய்வூதியச் சந்தாவை அந்தக் காப்பீடே கட்டுகிறது. அங்கேயும் முதியோர் இல்லத்தில் சேர்த்தால் குடும்பம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் செய்வதும் வேலைதான் என்று ஒரு சட்டம் ஒத்துக்கொள்கிறது பாருங்கள், எங்கள் வீட்டிலேயே அதை ஒத்துக்கொள்ள நான்கு வருடம் ஆனது.

அக்கா ஒரு நோட்டில் கணக்கு எழுதிவருகிறாள். டயப்பர், கையுறை, களிம்பு, ஏர் பெட் மோட்டார் ரிப்பேர், பிசியோதெரபி, அட்டெண்டர் சம்பளம். மாதக் கடைசியில் அண்ணனும் நானும் மொத்தத்தை மூன்றாக வகுத்து ஆளுக்கு ஒரு பங்கு போடுவோம், அக்காவும் தன் சேமிப்பிலிருந்து எடுத்து மூன்றாவது பங்கைப் போடுவாள். இதற்காகத்தான் வேலையை விட்டாள், அதற்குப் பிறகும் எங்களோடு சமமாகப் பணம் போட்டுக்கொண்டிருந்தாள், எங்கள் இருவருக்கும் அது உறைக்கவே இல்லை. டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்தவர்களுக்கு உலகம் முழுக்க ஆகும் செலவில் ஏறக்குறைய பாதி, சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் உழைப்பு என்றும், அப்படிப் பார்த்துக்கொள்ளும் மணி நேரத்தில் 70 சதவீதம் பெண்கள் கொடுப்பது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒன்றைப் படித்த அன்று இரவுதான் நான் அந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரவு அட்டெண்டருக்கு ஏஜென்சி கேட்ட தொகையை 48 மாதத்துக்குப் பெருக்கினேன். மற்ற எல்லாச் செலவையும் சேர்த்தால்கூட அதன் பக்கத்தில் வரவில்லை.

அரசு காப்பீடு கொண்டுவரும்வரை, கொண்டுவரச் சொல்லி உங்கள் பத்திரிகை தொடர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், அதுவரை குடும்பங்கள் இதையாவது செய்யலாம்: கணக்கு எழுதும்போது வீட்டில் பார்த்துக்கொள்பவரின் சம்பளத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள். நாங்கள் போன மாதம் அதை எழுதினோம். அண்ணன் நோட்டை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். இந்த மாதத்திலிருந்து அக்காவின் பங்கு இரண்டாகப் பிரிந்து எங்கள் மேல் ஏறியிருக்கிறது, அவள் பெயரில் ஒரு தொகை தனியாகப் போகிறது, வாரத்தில் இரண்டு இரவு அலாரம் என் தலைமாட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி