எட்டாம் வகுப்புப் படிவத்தில் இருக்கும் அந்த மூன்று கட்டங்கள்

பெங்களூரில் கர்நாடக மாநிலப் பாடத்திட்டத்தில் ஆங்கில வழிப் பள்ளி நடத்தும் நிர்வாகத்தாருக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் ஸ்ரீராமபுரத்தில் மாலை நேரத்தில் ஆங்கில டியூஷன் எடுக்கிறவள். எட்டாவதிலிருந்து பியூசி (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) வரை பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலும் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிறவர்கள். எட்டாவது அட்மிஷனுக்கு வரும்போது நீங்கள் நீட்டும் படிவத்தில் ஃபர்ஸ்ட் லாங்குவேஜ், செகண்ட் லாங்குவேஜ், தர்ட் லாங்குவேஜ் என்று மூன்று கட்டம் இருக்கிறதே, அதை நிரப்புவது பெற்றோரா, நீங்களா?

பல இடங்களில் நீங்கள்தான். ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டு "இங்க கையெழுத்துப் போடுங்கம்மா" என்பார், அந்த அம்மாவும் போட்டுவிட்டுப் பீஸ் கட்டும் வரிசைக்குப் போய்விடுவார். தன் பிள்ளை மூன்று வருஷம் எந்த ஆங்கிலம் படிக்கப் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. எந்த ஆங்கிலமா, ஆங்கிலத்தில் எத்தனை இருக்கிறது என்று கேட்கிற பெற்றோர்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

மூன்று இருக்கிறது. எஸ்எஸ்எல்சியில், அதாவது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், ஆங்கிலத்தை முதல் மொழியாகவும் எடுக்கலாம், இரண்டாம் மொழியாகவும் எடுக்கலாம், மூன்றாம் மொழியாகவும் எடுக்கலாம். புத்தகம் வேறு, கேள்வித்தாள் வேறு. முதல் மொழிக்கு 125 மதிப்பெண், மற்ற ஐந்து பாடங்களுக்கும் 100, மொத்தம் 625. அதாவது மொத்த மார்க்கில் ஐந்தில் ஒரு பங்கு அந்த முதல் கட்டத்தில் எழுதும் மொழியின் தலையில்தான் இருக்கிறது. இரண்டாம் மொழிப் பட்டியலில் ஆங்கிலம், கன்னடம் இரண்டுதான். அதனால் முதல் கட்டத்தில் என்ன எழுதுகிறீர்களோ அதுவே மற்ற இரண்டையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

உங்கள் ஆபீசில் என்ன கணக்கு நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சமஸ்கிருதம் ஸ்கோரிங், 125க்கு 125 வாங்கலாம், பள்ளி ரிசல்ட் ஏறும். அதனால் சமஸ்கிருதம் முதல் மொழி, ஆங்கிலம் இரண்டு, கன்னடம் மூன்று. சமஸ்கிருதத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, ஆசையாகப் படிக்கிற பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லாத, பள்ளியை விட்டால் ஆங்கிலம் கிடைக்க வேறு வழியே இல்லாத ஒரு பிள்ளைக்கு, மார்க்குக்காக மட்டும் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது, ஆங்கிலமும் லேசானது கிடைக்கிறது, இந்த ஊரில் பிழைக்கத் தேவைப்படும் கன்னடமும் லேசானதே கிடைக்கிறது. பத்தாவது ரிசல்ட் அன்று எல்லோருக்கும் சந்தோஷம், பள்ளியின் வாட்ஸ்அப் போஸ்டரில் போட்டோ வரும்.

அப்புறம் ஜூனில் பியூ காலேஜ். அங்கே பழையபடி மூன்று ஆங்கிலம் கிடையாது. முதல் மொழியாகப் படித்தவரும் மூன்றாம் மொழியாகப் படித்தவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே ஆங்கிலத்தாளை எழுதுகிறார்கள். இன்ஜினியரிங் போன்ற படிப்புகளுக்கான மாநில நுழைவுத்தேர்வான சிஇடியின் ரேங்குக்கு மொழி மார்க் கணக்கில் வராது என்பதால் சயன்ஸ் எடுத்த பிள்ளைகள் ஆங்கிலத்தை இன்னும் தள்ளி வைக்கிறார்கள். ஒரு பத்தியைப் படித்து அதைத் தன் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதச் சொன்னால் திணறுகிற பிள்ளை, எஸ்எஸ்எல்சியில் 600க்கு மேல் வாங்கியதாக அதன் அப்பா பெருமையாகச் சொல்வார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அவருக்கு யாரும் எதையும் காட்டவில்லை.

இதற்காக எல்லோரும் ஆங்கிலத்தை முதல் மொழியாக எடுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதையும் செய்து பார்க்கிற பள்ளிகள் இருக்கின்றன, பெற்றோரும் ஃபர்ஸ்ட் லாங்குவேஜ் இங்கிலீஷ் என்றால் கௌரவம் என்று நினைக்கிறார்கள். பாடப்புத்தகத்தைத் தவிர எதையும் படிக்காத பிள்ளைக்கு 125 மதிப்பெண் ஆங்கிலத்தைக் கொடுத்தால் நோட்ஸை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறொன்றும் நடக்காது. இரண்டாம் மொழி ஆங்கிலம் ஒன்றும் மட்டமில்லை. கடிதம், கட்டுரை, படத்தைப் பார்த்து எழுதுவது, குறிப்பிலிருந்து கதையை வளர்ப்பது எல்லாம் அதில் இருக்கிறது, ஒழுங்காக நடத்தினால் ஒரு சாதாரணப் பிள்ளைக்கு அது நல்ல அடித்தளம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தப் பிள்ளை தெரியாத ஒரு பக்கத்தைத் தானாகப் படித்துப் புரிந்துகொள்கிறதா, ஒரு பக்கம் தானாக எழுதுகிறதா? ஆமாம் என்றால் முதல் மொழி ஆங்கிலம் அதற்குத் தீனி. இல்லை என்றால் இரண்டாம் மொழியாக எடுத்து மூன்று வருஷமும் நிஜமாகவே எழுத வைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க உங்கள் ஏழாம் வகுப்பு ஆசிரியைக்கு அரை மணி நேரம் போதும்.

சரி, தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். எஸ்எஸ்எல்சி முதல் மொழிப் பட்டியலில் கன்னடம், ஆங்கிலம், சமஸ்கிருதம், உருது, தெலுங்கு இவற்றோடு தமிழும் இருக்கிறது. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பெற்றோருக்கே இது தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. தமிழ் முதல் மொழி, ஆங்கிலம் இரண்டு, கன்னடம் மூன்று என்று ஒரு வழி இருக்கிறது என்று படிவம் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? "டீச்சர் இல்லை" என்பீர்கள். யாரும் கேட்பதில்லை, அதனால் டீச்சர் இல்லை, டீச்சர் இல்லை, அதனால் யாரும் கேட்பதில்லை. அதே சமயம் தமிழ் பாசத்தில் கன்னடத்தைத் தள்ளிவிடுகிற பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன். இங்கேயே வேலை பார்த்து இங்கேயே இருக்கப் போகிற பிள்ளைக்கு அது நல்லதில்லை. நன்றாகக் கன்னடம் பேசும் தமிழ்ப் பிள்ளைக்குக் கன்னடத்தை முதல் மொழியாக எடுக்கச் சொல்லி நானே சிபாரிசு செய்வதுண்டு.

(சிபிஎஸ்இ பள்ளிக்காரர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். பதினொன்றாவதில் இங்கிலீஷ் கோர், இங்கிலீஷ் எலெக்டிவ் என்று இரண்டு இருப்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? கோரின் பாடக்குறியீடு 301, எலெக்டிவ் 001. இலக்கியம் படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் இரண்டாவதின் பெயரையாவது சொல்லுங்கள், பள்ளியில் அது இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள்.)

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. முதல் மொழி ஆங்கிலப் புத்தகம், இரண்டாம் மொழி ஆங்கிலப் புத்தகம் இரண்டையும் அட்மிஷன் மேசையில் வையுங்கள், கூடவே போன வருஷத்துக் கேள்வித்தாளையும் வையுங்கள். புத்தகங்கள் கர்நாடகப் பாடநூல் சங்கத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, பிரின்ட் எடுத்தால் போதும். படிவத்தைக் காலியாகக் கொடுங்கள். இரண்டு நாள் வீட்டில் வைத்து யோசித்துவிட்டு வரச் சொல்லுங்கள், பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லுங்கள். எட்டாவதில் முதல் இரண்டு மாதத்துக்குள் மொழி மாற்றிக்கொள்ள வழி உண்டா இல்லையா என்பதை அந்தப் படிவத்திலேயே அச்சடியுங்கள், ஏனென்றால் ஒன்பதாவதில் வந்து அழுகிற பெற்றோரிடம் "இனிமேல் முடியாது" என்று சொல்வது நீங்கள்தான், சமாளிக்க டியூஷனுக்கு அனுப்புவது என்னிடம்தான்.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரம் டியூஷன் டீச்சர்