கரைசல் கலங்கினாலே அரிவாள் செல் நோய் என்று சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே நடக்கும் அரிவாள் செல் பரிசோதனை பற்றிய தங்கள் செய்தியில், ‘பாசிட்டிவ்’ வந்த அனைவரையும் நோயாளிகள் என்றே எழுதியிருந்தீர்கள். முகாமில் செய்யும் முதல் சோதனையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் குடும்பங்களை மனதில் வைத்தும், நோய்க்குறியியல் மாணவர்கள், லேப் டெக்னீஷியன்கள் பலரும் இதே இடத்தில் தடுமாறுவதாலும் இதை எழுதுகிறேன்.

1952லேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம் ஹீமோகுளோபின் எஸ், அதாவது சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் மாறுபட்ட ஹீமோகுளோபின், இருப்பதைப் பதிவு செய்தார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம் 2047க்குள் இந்நோயை ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறது. அந்த வேலைக்கு முதல் படி, சோதனை முடிவைச் சரியாகப் படிப்பதுதான்.

முகாமில் செய்வது கரைதிறன் சோதனை. சோடியம் டைதயோனைட் கலந்த கரைசலில் ஒரு துளி ரத்தத்தை விட்டு, 5 நிமிடம் கழித்துக் குழாயின் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பிடிப்பார்கள். கரைசல் கலங்கிக் கோடு மறைந்தால் ஹீமோகுளோபின் எஸ் இருக்கிறது. அவ்வளவுதான் அது சொல்லும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மரபணு பெற்ற கேரியருக்கும் கோடு மறையும். இருவரிடமிருந்தும் பெற்ற நோயாளிக்கும் மறையும். கேரியருக்குப் பொதுவாக ரத்தசோகையே இருக்காது.

தவறான முடிவுகளும் வரும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே இருந்தால் போதுமான எஸ் இல்லாமல் கரைசல் தெளிவாகவே நிற்கும்; அப்போது முழு ரத்தத்துக்குப் பதில் மைய விலக்கியில் சுற்றிய சிவப்பணுக்களை எடுக்க வேண்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியவருக்கும் நெகட்டிவ் காட்டலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தத்தில் எஃப் வகையே (கருவிலிருந்தே வரும் ஹீமோகுளோபின்) மிகுதி. அவர்களுக்கு இந்தச் சோதனையே கூடாது. மாறாக, கொழுப்பு மிகுந்த பிளாஸ்மா எஸ் இல்லாமலே கரைசலைக் கலக்கிவிடும். அணுக்களைச் சலைனில் கழுவி மறுபடி செய்தால் உண்மை தெரியும். டைதயோனைட் காற்றுபட்டால் வலுவிழக்கும். அதனால் ஒவ்வொரு தொகுதி மாதிரிகளோடும், கேரியர் என்று உறுதியான ஒரு ரத்தத்தையும் இயல்பான ஒரு ரத்தத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு எழுதும் நெகட்டிவை நான் நம்பமாட்டேன்.

உறுதி செய்வது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. சோதனை. கேரியரிடம் இயல்பான ஏ வகை எஸ்ஸைவிட அதிகம். எஸ் பெரும்பாலும் 35 முதல் 40 சதவீதம். இருவரிடமிருந்தும் எஸ் மரபணு பெற்ற, ரத்தம் ஏற்றாத நோயாளியிடம் ஏ இருக்காது. ஏ இருந்தும் எஸ் அதைவிட அதிகம் என்றால், அண்மையில் ரத்தம் ஏற்றினார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் எஸ்-பீட்டா தலசீமியாவை (ஒரு பெற்றோரிடமிருந்து எஸ், மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியா மரபணு வந்த நிலை) நினையுங்கள். மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: மாற்றமடைந்த எஸ் கொஞ்சம், ஏ2 (எல்லோரிடமும் சிறிதளவு உள்ள இன்னொரு வகை) இருக்கும் இடத்திலேயே வெளிவரும். ஆகவே கேரியரிடம் ஏ2 சற்றுக் கூடியதை வைத்து மட்டும் தலசீமியா என்று எழுதிவிடக் கூடாது. எம்.சி.வி.யையும் (சிவப்பணுவின் சராசரி அளவு) பாருங்கள்.

நோய் உறுதியான குழந்தைக்கு ரெட்டிகுலோசைட் (சுருக்கமாக ரெட்டிக்; இளம் சிவப்பணு) எண்ணிக்கைதான் வழிகாட்டி. 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் உடைவதால் மஜ்ஜை இளம் அணுக்களை அவசரமாக அனுப்புகிறது. ரத்தத்தையும் நியூ மெத்திலீன் புளூ சாயத்தையும் சம அளவு கலந்து 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து ஸ்மியர் போட்டு எண்ண வேண்டும். ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 22.5, ரெட்டிக் 12 சதவீதம் என்றால், இயல்பான 45க்குத் திருத்தியபின் 6. சீக்கிரமே வெளிவந்த இளம் அணுக்கள் ரத்தத்தில் முதிரக் கூடுதல் நாள் எடுப்பதால், முதிர்வுக் காரணி 2ஆல் வகுத்தால் 3. மஜ்ஜை நன்றாக வேலை செய்கிறது.

அதே குழந்தைக்கு ஹீமோகுளோபின் திடீரென்று சரியும்போது இந்த எண் உயிர் காக்கும். ரெட்டிக் 1 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பார்வோ வைரஸ் பி19 மஜ்ஜையை நிறுத்தியிருக்கலாம். ரெட்டிக் உயர்ந்தே இருந்து மண்ணீரல் வீங்கியிருந்தால் ரத்தம் அங்கே தேங்குகிறது. இரண்டும் அவசர நிலைதான், ஆனால் கண்காணிக்க வேண்டியவை வேறு. இரண்டாவதில் தேங்கிய ரத்தம் திரும்பி வரும் என்பதால், அளவுக்கு மேல் ரத்தம் ஏற்றிவிடக் கூடாது.

ரத்தசோகை என்றதும் இரும்பு மாத்திரை எழுதும் பழக்கமும் இங்கே ஆபத்து. உடையும் அணுக்களின் இரும்பு பெரும்பாலும் உடலிலேயே தங்குகிறது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவு என்று தெரிந்தபிறகே இரும்பு. வலி அல்லது காய்ச்சல் நேரத்தில் எடுத்த ஃபெரிட்டின் பொய்யாக உயரும். ஃபோலிக் அமிலம் வேறு. அது இவர்களுக்குத் தேவை.

இனி முகாம் செய்திகளில் ‘முதல்நிலைச் சோதனையில் பாசிட்டிவ்’, ‘ஹெச்.பி.எல்.சி.யில் கேரியர்’, ‘ஹெச்.பி.எல்.சி.யில் நோய்’ என்று மூன்று எண்ணிக்கைகளையும் தனித்தனியாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். லேப் சீட்டிலும் இப்படியே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்