யானை ரத்தமும் மனுஷ ரிப்போர்ட்டும்: அறநிலையத் துறை ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் முப்பது வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனுஷ ரத்தம்தான் என் பிழைப்பு. ஒரே ஒரு தடவை யானை ரத்தம் என் மேசைக்கு வந்தது.

கோயில் யானை ஒன்று இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை. டாக்டர் எடுத்துக் கொடுத்த ரத்தத்தை, ஊதா மூடி டியூபில் பாகன் கொண்டுவந்தார். வழக்கம்போல மெஷினில் விட்டேன். சிவப்பணு 30 லட்சம். அணுவின் சராசரி அளவு 120. இரண்டுக்கும் பக்கத்தில் மெஷின் எச்சரிக்கைக் குறி போட்டது. நம்மில் ஒருவராக இருந்தால் ரத்தசோகை, பி12 குறைவு என்று மாத்திரை எழுதிவிடுவார்கள். பாகனுக்கு முகமே செத்துப்போனது. மறுநாள் டாக்டரிடம் கேட்டால் சிரிக்கிறார்: யானைக்கு அதுதானய்யா சரியான கணக்கு! அதன் சிவப்பணு நம்முடையதைவிடப் பெரிது, எண்ணிக்கை குறைவு. மெஷின் ஒப்பிட்டது மனுஷ அளவோடு.

வெள்ளையணுவில் இன்னும் வம்பு. யானையின் மோனோசைட் என்ற வெள்ளையணு வகையில் உட்கரு இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து கிடக்கும். மெஷின் அதை லிம்போசைட் என்ற வேறு வகையின் கணக்கில் சேர்த்துவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணினால்தான் உண்மை தெரியும். அதையும் எடுத்த இடத்திலேயே தேய்த்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் குலுங்கி வந்த ரத்தம் பாதி உடைந்திருக்கும்.

நீங்கள் யானைகளைக் கவனிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மீனாட்சி அம்மன் கோயில் யானை பார்வதியின் கண்புரைக்குத் தாய்லாந்து மருத்துவர்களே மதுரைக்கு வந்தார்கள். கோயில் யானைகளுக்காக 2003-இல் முதுமலையில் தொடங்கிய புத்துணர்வு முகாமில் எடை போட்டதெல்லாம் பேப்பரில் பார்த்தவைதான். என் ஆதங்கம் வேறு. யானை படுத்த பிறகு எடுக்கும் ரத்தத்தை எதோடு ஒப்பிடுவது? யானைக்கு யானை, வயசுக்கு வயசு அளவு மாறும். பார்வதிக்கு எது சாதாரணம் என்பதை, அவள் நன்றாக இருந்த நாளில் எடுத்த ரிப்போர்ட்தான் சொல்லும். திருப்பரங்குன்றம் கோயில் யானை தெய்வானைக்கும் அப்படித்தான்.

ஆகவே என் கோரிக்கை: நலமாக இருக்கும்போதே, ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது ரத்தம் எடுங்கள். காதின் பின்பக்க நரம்பில் எடுப்பதுதான் வழக்கம். பாகன் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால், பழகிய யானை ஊசிக்குக் காதைக் கொடுத்துவிடும். அணுக்களோடு கல்லீரல், சிறுநீரகம், கால்சியம், சர்க்கரை எல்லாம் பாருங்கள். வருகிற பக்தரெல்லாம் பழமும் வெல்லமும் நீட்டுகிற ஊர் இது, சர்க்கரையைக் கட்டாயம் பாருங்கள். அந்தந்த யானைக்கு ஒரு நோட்டு போட்டு, அதைக் கோயிலிலேயே வையுங்கள்.

காசநோயையும் விட்டுவிடாதீர்கள். மனுஷனுக்கு வரும் அதே கிருமி யானைக்கும் தொற்றும், யானையிடமிருந்து மனுஷனுக்கும் வரும். தும்பிக்கையில் உப்புநீர் விட்டு எடுத்து, அந்த நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. அதில் கிருமி சிக்காமலும் போகலாம். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை பல சமயம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஆனால் யானையை மட்டும் சோதித்து என்ன பயன்? அதோடு நாளெல்லாம் நிற்கிற பாகனுக்கும் உதவிப் பாகனுக்கும் சளிப் பரிசோதனை செய்யுங்கள். நோய் இருப்பது தெரிந்தால் சம்பளத்தை நிறுத்த மாட்டோம் என்று முதலில் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் இருமலை மறைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவார்கள்.

தகடு தேய்த்து எண்ண ஆள் இல்லை என்றால் சொல்லியனுப்புங்கள். என் பழைய மைக்ரோஸ்கோப் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. காலையில் பார்வதி ஆடி வீதியில் நடக்கிற நேரத்துக்கு நானே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவன்,
மதுரை