திராட்சைக் கொடி: ஜூன் மாதக் கவனிப்பு

தோட்டக் குழு நண்பர்களுக்கு வணக்கம். மே, ஜூன் இரண்டும் சிங்கப்பூரில் வெக்கை கூடும் மாதங்கள். நம் பந்தல் கொடிக்கு இப்போது கவனிப்பு தேவை.

தண்ணீரைக் காலையிலேயே வேரடியில் ஊற்றுங்கள். தயவுசெய்து இலைமேல் தெளிக்காதீர்கள். இங்குள்ள ஈரக் காற்றில் நனைந்த இலை காய நேரமாகும், அடிச்சாம்பல் நோய் சட்டென்று பிடித்துவிடும். குலையை மூடும் இலைகளைக் கிழக்குப் பக்கம் மட்டும் கிள்ளுங்கள். மேற்குப் பக்கம் இருக்கட்டும், மாலை வெயிலில் காய் வெந்துபோகும்.

அப்புறம் கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது. குளிர்நாட்டில் பனிக்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். இங்கே அதற்குத் தூக்கமே இல்லை, வெட்டாமல் விட்டால் இலையாகவே ஓடும். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்குக் கவாத்து செய்துதான் காய்க்க வைக்கிறார்கள். வெட்டியதிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய நான்கு மாதம். எனக்கு அந்த ஊர்ப் பந்தல்களைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. இப்போது வெட்டினால் மறுபடி நான்கு மாதம் காத்திருக்க வேண்டும், அதனால் இந்தக் குலைகள் பழுத்து இறங்கும்வரை யாரும் கத்தரிக்கோலைத் தனியாக எடுக்க வேண்டாம், சேர்ந்தே வெட்டுவோம்.

தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரை உடனே கொட்டிவிடுங்கள், டெங்கிக் கொசு அதில்தான் முட்டையிடும். சனிக்கிழமை காலை 8 மணிக்குப் புதுத் தளிர்களைக் கம்பியில் கட்டுகிறோம். வர முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.