காசும் காஷும்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு ஊசி போட்ட பிறகு ஓரளவு நடக்க முடிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. குளிரில் வெளியே போகும்போது தடியை விடாதே. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். பின்னேரத்தில் மழை பிடித்தால் காலி வீதியில் பஸ் நகராது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீ படிக்கிற காலத்தில் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அந்த ஒழுங்கை முழுக்க இப்போது மாடி வீடுகள்தான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் உள்ள 'காஷ்' (cash) என்ற சொல் எங்கள் 'காசு'விலிருந்துதான் போனது என்று பேரன் தமிழ்ப் பள்ளி விழாவில் பேச எழுதி வைத்திருக்கிறான், அது மெய்யா என்று கேட்டிருக்கிறாய். கணக்கியல் படிப்பித்தே காலம் போனவன் நான். அந்தச் சொல்லை நான் கரும்பலகையில் எழுதாத நாளே இருந்திருக்காது. ஆகவே பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

கடையில் நீட்டுகிற காஷ் தமிழிலிருந்து போனதல்ல. ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு காஷ் இருக்கிறது, அது ஒரு சின்ன நாணயத்தின் பெயர். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. பெரிய அகராதிகள் இரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிவு செய்கின்றன. அந்த இரண்டாவது காஷ் சந்தேகமில்லாமல் எங்களுடையது. பிள்ளை அதைப் பற்றிப் பேசட்டும் என்பதுதான் என் விருப்பம். ஏனென்று கீழே எழுதுகிறேன்.

முதல் காஷின் பூர்வீகம் ஒரு பெட்டி. லத்தீனில் 'கப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியத்தில் 'காஸ்ஸா' ஆனது, பிரெஞ்சில் 'கெஸ்' ஆனது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது பணம் வைக்கிற பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் இருக்கிற பணத்தையும் குறித்தது. நாளடைவில் பெட்டி என்ற பொருள் கழன்றுபோய்ப் பணம் மட்டும் மிஞ்சியது. காஷியர் என்றவர் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர். மருந்துக் கடையில் வாங்குகிற கப்ஸ்யூலும் அதே கப்சாவின் வழிதான். கசெற்றும் அப்படியே, சின்னப் பெட்டி என்று பொருள். இலங்கை வானொலியில் போன பாட்டுகளை இரவிரவாகப் பதிந்து வைத்தோமே, அந்தக் கசெற்!

இராணுவத்தில் ஓர் அதிகாரியை அவமானப்படுத்தி வெளியே அனுப்புவதற்கும் ஆங்கிலத்தில் 'காஷியர்' என்ற வினை உண்டு. அது இந்தக் குடும்பத்தில் சேராது. செல்லாமல் ஆக்குவது என்ற பொருளில் வேறு வழியாக வந்த சொல். கணினியில் 'காஷை (cache) அழி' என்கிறார்களே, அதுவும் வேறு. ஒளித்து வைப்பது என்ற பொருள் கொண்ட பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கொண்டாட முடியாது என்பதற்கு ஆங்கிலத்துக்குள்ளேயே இத்தனை சாட்சி இருக்கிறது.

இனி எங்கள் காசு. சம்பந்தரின் 'வாசி தீரவே காசு நல்குவீர்' பதிகத்தை நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பாடியிருக்கிறோம். அப்போது பொருள் யோசித்தோமா என்று தெரியாது. ஏழாம் நூற்றாண்டு. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலைக் கோயிலில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினமும் ஒவ்வொரு பொற்காசு கிடைத்தது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அப்பரின் காசு முழுப் பெறுமதிக்கு மாறியது. சம்பந்தரின் காசுக்குக் கடைக்காரர் வட்டம் பிடித்தார்கள். அந்தக் கழிவுக்குப் பெயர்தான் வாசி. அது இல்லாத காசாகத் தா என்று இறைவனிடமே கேட்கிறார்! இன்று நாணயம் மாற்றுகிற கடைக்குப் போய், எவ்வளவு வெட்டுவீர்கள் என்று நாங்கள் கேட்பதும் அதே கேள்விதான். ஒரு நாணயத்தை வாங்குகிறவர் ஒரு விலைக்கும் மாற்றுகிறவர் இன்னொரு விலைக்கும் மதித்த ஒரு சந்தை அங்கே நடந்திருக்கிறது. அந்தச் சந்தையில் நாணயத்தின் பெயர் காசு.

பிறகு சோழர் காலம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுத்த முதற்பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடனாக விட்டு, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று வெட்டியிருக்கிறது. நூற்றுக்குப் பன்னிரண்டரை. வட்டி கணக்கிடப் படிப்பிக்கும்போது வகுப்பில் இதைச் சொல்வேன், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஈழக்காசு என்ற பெயரும் சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிறது. யாழ்ப்பாண அரசர்கள் நந்தியையும் 'சேது' என்ற தமிழ் எழுத்தையும் பொறித்து நாணயம் அடித்தார்கள். காசு என்ற சொல்லையே சமஸ்கிருதத்தில் 'கர்ஷ' என்ற எடைப் பெயரோடு இணைத்துச் சொல்கிற அறிஞர்கள் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. தமிழில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் புழங்கிய சொல்லுக்கு அதனால் ஒரு குறையும் வராது.

போர்த்துக்கேயர் 1505இல் கொழும்புக்கு வந்தார்கள். இந்தக் கரைகளில் சின்ன நாணயங்களைக் காசு என்று சொல்வதைக் கேட்டு 'கைஷா' என்று எழுதினார்கள். இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம் இருக்கிறது. அவர்கள் மொழியில் கைஷா என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. அதற்கும் பெட்டி என்றுதான் பொருள், அதுவும் லத்தீன் கப்சாவின் பிள்ளை. தமிழ்க் காசும் லத்தீன் பெட்டியும் ஒரே எழுத்தில் சந்தித்தது போர்த்துக்கேயக் கணக்கர்களின் பேனாவில். ஆங்கிலேயர் அந்த இடத்திலிருந்து நாணயப் பெயரை எடுத்து, தங்கள் காஷைப் போலவே எழுதிக்கொண்டார்கள். 1886இல் வந்த, ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கான ஹொப்சன்-ஜொப்சன் அகராதியில் யூலும் பர்னலும் இதைத்தான் சொல்கிறார்கள். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழும் வடமொழியும் கற்றவர்.

சென்னையில் கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியார், கணக்கு வைத்த முறை இது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பெருக்கிப் பார், வராகனுக்கு 3360 காசு வரும். ஆங்கிலக் கணக்கேடுகளில் அந்தக் காசை காஷ் என்றே எழுதினார்கள். அதோடு நிற்கவில்லை. 1803இலும் 1808இலும் சென்னைக்கு வேண்டிய செப்பு நாணயங்களை இங்கிலாந்தின் பர்மிங்காமில், மத்தியூ போல்ட்டனின் சோஹோ நாணயசாலையில் அடித்தார்கள். ஒரு பக்கம் கும்பினியின் சின்னம். மறுபக்கத்தில் பாரசீக எழுத்து, கீழே ரோம எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் காஷ். அந்த 1808ஆம் ஆண்டு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்தின் கென்ற் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் உடைந்தது. 1980களில் சுழியோடிகள் அந்தச் செப்புக் காசுகளைப் பெருந்தொகையாக மேலே கொண்டுவந்தார்கள். இன்று நாணயம் சேகரிப்பவர்களிடம் அவை சாதாரணமாகக் கிடைக்கும். பேரனுக்கு ஒன்று வாங்கிக் கொடு. மேடையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினால் யாரும் வாய் திறக்க முடியாது.

காசு அதற்கும் அப்பால் போனது. சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து வைத்த செப்பு நாணயங்களை ஆங்கிலேயர் காஷ் என்றுதான் சொன்னார்கள். சீனர்கள் அப்படிச் சொல்வதில்லை, அவர்களுக்கு அவர்கள் சொல் இருக்கிறது. தமிழ்க் கரையில் கற்ற பெயரை ஐரோப்பியர் சீனத்து நாணயத்துக்கும் வைத்தார்கள். திருவிதாங்கூரிலோ 1940கள் வரை காசு காசாகவே இருந்தது: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, 'உலகமே சொல்கிற காஷ் தமிழ்ச்சொல்' என்று ஒரு வரியில் பிள்ளை சொல்லி முடித்தால், கூட்டத்தில் அகராதி தெரிந்த ஒருவர் எழும்பி லத்தீன் பெட்டியைக் காட்டுவார். பிறகு அவன் சொன்ன மற்ற உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள். தமிழைப் பற்றிய இப்படிப்பட்ட உரிமை கோரல்கள் எங்கள் பிள்ளைகள் கையில் வெறும் கோஷமாகப் போய்ச் சேருவது எனக்கு உண்மையாகவே வருத்தம். சான்று கையில் இருக்கிற இடத்திலேயே நிமிர்ந்து நிற்க அவர்களுக்குப் பழக்கவேண்டும். பெட்டிக் காஷை லத்தீனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டுச் செப்புக் காஷை எடுத்துக்கொள்ளச் சொல்.

இன்னொன்று. எங்கள் கணக்கியல் பாடநூல்களை நினைத்துப் பார். தமிழ்நாட்டில் காஷுக்கு ரொக்கம் என்று எழுதுகிறார்கள், ரொக்க ஏடு என்கிறார்கள். நாங்கள் படித்தது காசேடு, சில்லறைக் காசேடு, காசுப்பாய்ச்சல் கூற்று. இலங்கையில் தமிழில் பாடநூல் செய்தவர்கள் காசைத்தான் எடுத்தார்கள். வீட்டிலும் சந்தையிலும் நாங்கள் பேசுகிற சொல் அதுவே என்பதால், பிள்ளைக்குச் சொல்லின் பொருள் விளக்க ஒரு நிமிடமும் வீணாவதில்லை. வங்கியில் இருக்கிற நடைமுறை வைப்பும் காசு என்ற தலைப்பில் வருமா என்று மட்டும் எல்லா வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். வரும். கேட்டவுடன் எடுக்கக்கூடிய வைப்பு கணக்கியலில் காசேதான். மூன்று மாதத்துக்குள் முதிர்கிற முதலீடுகள் சில 'காசுக்குச் சமமானவை'. ஒரு பெட்டியின் பெயராகத் தொடங்கிய ஆங்கிலச் சொல், எந்தப் பெட்டிக்குள்ளும் வைக்க முடியாத பணத்தையும் குறிக்கும் அளவுக்கு விரிந்துவிட்டது.

காசோலையும் அருமையான சொல். பனையோலை எழுத்தை மறக்காத ஆட்கள் செய்தது. காசாளர் என்பதும் அப்படித்தான். தமிழ்க் காசிலிருந்து தமிழிலேயே பிறந்த சொல். காஷியருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதியது போலத் தோன்றும். அங்கே மூலம் பெட்டி, இங்கே நாணயம்.

புறக்கோட்டைக்குப் போனால் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே கடைக்குள் கேட்கும். சிங்கள வாடிக்கையாளர் 'சல்லி' என்பார், ரசீதில் 'முதல்' என்று எழுதியிருக்கும், சில்லறை நாணயத்துக்கு 'காசி' என்பார். மூன்றும் தமிழுக்கும் தெரிந்த சொற்கள். கடைக்காரர் வாங்குகிற நோட்டை லாச்சிக்குள் போடுவார், மேசை இழுப்பறைக்கு நாங்கள் சொல்கிற இந்த லாச்சி ஒல்லாந்தர் விட்டுப்போனது. முதியவர் ஒருவர் வந்தால் உட்கார வாங்கைக் காட்டுவார். வாங்கு போர்த்துக்கேயரின் 'பாங்கு', ஆங்கிலத்து பாங்க் அதன் சகோதரம். அந்தக் காலத்து இத்தாலியில் நாணயம் மாற்றுகிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்த பலகைதான் பிறகு வங்கி ஆனது. செட்டியார் தெருவில் பெண்கள் இன்றும் காசுமாலை விலை கேட்டு நிற்கிறார்கள். தங்கம் விற்கிற விலையில் கேட்பதோடு திரும்புகிறவர்கள்தான் கூட.

பேச்சுக்கு ஐந்து நிமிடம்தான் தருவார்கள் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் சம்பந்தரின் வாசியையும் குட்வின் கப்பலையும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பதிகத்தின் முதல் பாட்டை அவன் பாடியே தொடங்கலாம், நாலு சின்ன வரிதான். எழுதி முடித்ததும் அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

மார்கழி விடுமுறைக்கு வர நினைப்பதாகச் சொன்னாய். டிக்கெட் போட்டவுடன் திகதியை அறிவி. கோட்டையில் சதாம் வீதியில் மத்திய வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நாணயங்களைப் பார்க்கப் பேரனைக் கூட்டிப் போகலாம். படி ஏற வேண்டியிருந்தால் உன் முழங்காலுக்கு ஒத்துவருமா என்று முன்கூட்டியே விசாரித்து வைக்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்