தூறல் விழும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டம் ஏலப்பாறையிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஐப்பசி மழை பிடித்துவிட்டது. காலையில் வெயில் பளீரென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் கருத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். மலையில் இருக்கிற எங்களுக்கு இது பழக்கம், ஆனால் தேனி, மதுரைப் பக்கமிருந்து குமுளி ஏறி வாகமனில் பாராகிளைடிங் (துணி இறக்கையில் தொங்கியபடி மலையிலிருந்து பறப்பது) பறக்க வருகிற நம் ஆட்களுக்கு இது தெரிவதில்லை. அன்றைக்கு மேகம் திரண்டு நிற்கிறது, பைலட் முடியாது என்கிறார், ஒரு குடும்பம் "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அஞ்சே நிமிஷம்ண்ணா" என்று விடுவதாக இல்லை. கடைசியில் அவரைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவர் செய்ததுதான் சரி.

பாராகிளைடர் என்பது வெறும் துணி, ஐயா. உள்ளே காற்று நிறைந்திருப்பதால்தான் இறக்கையாக நிற்கிறது. மழை பட்டால் மேல்துணியில் துளிகள் ஒட்டிக்கொண்டு காற்றோட்டத்தைக் கெடுக்கும், முன்பக்கத் திறப்புகள் வழியாகப் போன தண்ணீர் பின்ஓரத்தில் தேங்கிக் கனக்கும். அப்புறம் பின்ஓரத்தைக் கீழே இழுக்கும் கயிறான பிரேக்கைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலே போதும், முன்னே போவது நின்று, விரிந்தபடியே செங்குத்தாகக் கீழே இறங்கத் தொடங்கிவிடும். கீழே நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். தூறலில் மாட்டினால் பிரேக்கைத் தளர்த்தி வேகம் குறையாமல் இறங்கு, இறக்கையின் ஓரங்களை மடிக்காதே என்று பைலட்டுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்.

இடிமேகம் இதைவிட மோசம். நம் தலையில் ஒரு சொட்டு விழுவதற்குள், பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மேகத்திலிருந்து குளிர்காற்று சீறிக்கொண்டு வந்துவிடும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில், போட்டிக்கு முன் பறந்து பழகிய ஜெர்மன் வீராங்கனை ஏவா விஸ்னியர்ஸ்காவை இடிமேகம் 9,900 மீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு போனது. நினைவு தப்பி, உடம்பெல்லாம் பனி உறைந்து, எப்படியோ உயிரோடு இறங்கினார். அதே நாளில் சிக்கிய சீன வீரர் பிழைக்கவில்லை. இவர்கள் போட்டிகளில் பறக்கிறவர்கள். முதல்முறை வந்த ஒருவரை முன்னால் கட்டிக்கொண்டு பறக்கிறவர் அப்படியொரு மேகத்தில் என்ன செய்துவிட முடியும்?

ஆகவே பாராகிளைடிங் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: இந்த இரண்டு மாதமும் மதியத்துக்கு மேல் முன்பதிவு வாங்காதீர்கள். வானிலையால் நிறுத்தினால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று கண்ணில் படுகிற மாதிரி எழுதி வையுங்கள், பணம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் வற்புறுத்துகிறார்கள். நனைந்த இறக்கையை நன்றாகக் காயவைத்த பிறகே எடுங்கள். வருகிறவர்களும் முந்தின நாளே குமுளியில் தங்கிவிட்டு, காலையில் வந்து பறந்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஏலப்பாறை