அந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடாதே

திருநெல்வேலி,
ஞாயிறு இரவு.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் மடக்கு வண்டியில் சிக்கி, பேத்தியின் வலது மோதிர விரலின் நுனி நகத்தோடு போய்விட்டது என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபின் அன்று நீதிமன்றத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. வக்கீலாகப் பதில் எழுதுவதற்கு முன் மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீ எழுதியிருந்த செய்திதான் இன்று என்னை உட்கார வைத்தது. விற்றவர்கள் சார்பில் தொலைபேசியில் பேசியவர், ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்வதாகவும், அதன் விலையான 8,499 ரூபாயோடு மருத்துவச் செலவுக்கென்று 10,000 ரூபாய் சேர்த்துத் தருவதாகவும், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதும் என்றும் சொன்னாராம். மாப்பிள்ளையும் 'தொல்லை விட்டது' என்று சம்மதிக்கும் மனநிலையில் இருக்கிறாராம். தயவுசெய்து தடுத்துவிடு. தொகை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வண்டிதான் இந்த வழக்கின் முதல் சாட்சி. அது அவர்களுடைய கிடங்குக்குப் போய்விட்டால், பிறகு நம் கையில் இருப்பது ஒரு குழந்தையின் காயமும் ஒரு தாயின் சொல்லும்தான். அந்தத் தாளிலோ 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி நிச்சயம் இருக்கும்.

நீ விவரித்ததை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். உன் மகள் லிஃப்ட் வாசலில் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மடித்த வண்டியை விரித்திருக்கிறாள். பக்கவாட்டில் இரண்டு தட்டையான இரும்புப் பட்டைகள் சேரும் கீல் இருக்கிறது. விரியும்போது அந்தப் பட்டைகள் பாக்குவெட்டி போல ஒன்றையொன்று கடந்து மூடிக்கொள்கின்றன. குழந்தை அந்த நொடியில் அங்கே கை வைத்திருக்கிறது. இவ்வளவுதான் நடந்தது. இதில் உன் மகள் செய்த தவறு என்ன? தூங்காமல் அழுதுகொண்டிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். ஒன்றரை வயதுக் குழந்தையின் கை போகக்கூடிய உயரத்தில், மூடி எதுவும் இல்லாமல் ஒரு பாக்குவெட்டியை வைத்தவர்களை விட்டுவிட்டு அவள் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இது அவளுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 2009 நவம்பரில் மக்லாரன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இதே கீல் பிரச்சினைக்காக அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியிட்டது. 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டான பிறகு வந்த அறிவிப்பு அது. 2014-இல் கிராக்கோ நிறுவனம் அங்கே 47 லட்சம் வண்டிகளுக்கு அதே காரணத்தால் அப்படி அறிவித்தது. இந்தக் கணக்குகளை நான் புலம்புவதற்காக எடுத்துச் சொல்லவில்லை. மக்லாரன் அப்போது கொடுத்த பரிகாரம் என்ன தெரியுமா? கீலின் மேல் மாட்டிக்கொள்ள ஓர் உறை, அதுவும் இலவசமாக. ஆபத்து இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு 2009 முதலே தெரியும், அதைத் தடுக்கும் வழியும் மலிவானது என்ற இரண்டையும் இந்த ஒரு செய்தியே நிரூபித்துவிடும். அமெரிக்க அறிவிப்பு நம் நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 'இப்படி நடக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்' என்று எதிர்த்தரப்பு வாய் திறக்க முடியாது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. குறைபாடுள்ள பொருளால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளரும் விற்பனையாளரும் ஏற்க வேண்டிய பொறுப்பை அது பேசுகிறது. தயாரிப்பில் வந்த பழுது மட்டுமல்ல, வடிவமைப்பே பிழையானது என்பதும், சரியாகப் பயன்படுத்தும் முறையையோ எச்சரிக்கையையோ போதுமான அளவில் தரவில்லை என்பதும் 84-ஆம் பிரிவின்கீழ் தனித்தனிக் காரணங்கள். தீங்கு என்ற சொல்லுக்குள் உடற்காயமும் அதை ஒட்டிய மன வேதனையும் அடங்கும். வண்டியின் விலை அதற்குள் வராது. அதை வேறு தலைப்பில் கேட்டுக்கொள்ளலாம். பணம் கொடுத்து வாங்கியவர் மாப்பிள்ளை, அடிபட்டது குழந்தை என்பதும் சிக்கல் இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே, சிறு குழந்தைக்காகப் பெற்றோர் புகார் தரலாம்.

யார் மேல் வழக்கு என்று கேட்டிருந்தாய். தயாரித்தது வெளிநாட்டு ஆலை. பெட்டியில் இருப்பது இங்குள்ள ஒரு நிறுவனத்தின் பெயர். வாங்கியது இணையச் சந்தையில். வேறொருவர் செய்த பொருளில் தன் முத்திரையைப் பதித்து விற்பவரையும் சட்டம் உற்பத்தியாளர் என்றே கருதுகிறது. இறக்குமதி செய்தவரும் விற்பனையாளர் என்ற சொல்லுக்குள் வருவார். உண்மையான உற்பத்தியாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவருக்கு நோட்டீஸ் சேர்க்க வழியில்லாவிட்டாலோ, விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே சீனாவுக்கு யார் நோட்டீஸ் அனுப்புவது என்று மாப்பிள்ளை கவலைப்பட வேண்டாம். இணையச் சந்தைக்காரர்கள் 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அந்த வாதம் சில நேரம் எடுபடுகிறது, சில நேரம் எடுபடுவதில்லை. எனினும் அவர்களையும் ஓர் எதிர்த்தரப்பினராகச் சேர்த்தே மனுப் போடுவேன், ஏனென்றால் விற்றவரின் முகவரியை அவர்கள் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும்.

பரணில் அந்த அட்டைப்பெட்டி இன்னும் இருக்கிறதா என்று பார். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம், ஆண்டு எல்லாம் அதில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தால், வண்டியின் இருக்கைக்கு அடியில் தைத்திருக்கும் துண்டுச் சீட்டைப் படம் எடுத்துக்கொள். விளக்கப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில், எறும்பு போன்ற எழுத்தில், 'விரிக்கும்போது குழந்தையை விலக்கி வைக்கவும்' என்று ஆங்கிலத்தில் இருப்பதாக நீ எழுதியிருந்தாயே, அந்தப் பக்கம் எனக்கு மிகவும் தேவை. அவர்கள் அதைத் தங்கள் கேடயமாகக் கொண்டுவருவார்கள். எனக்கோ அது அவர்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம்: ஆபத்து தெரிந்திருந்தும் கீலை மூடாமல் ஒரு வரியை மட்டும் அச்சடித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த, வெளிப்படையான ஆபத்தைப் பற்றி எச்சரிக்காததற்கு உற்பத்தியாளர் பொறுப்பல்ல என்று 87-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்வார்கள். மடக்குக் கத்தி வெட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளையை உட்கார வைக்கும் வண்டி வெட்டும் என்பது யாருக்குத் தெரியும்? தள்ளுவண்டி என்றால் இட்லிக்கடையும் ஐஸ்வண்டியும்தான் நினைவுக்கு வரும் தலைமுறை நாம். மர நடைவண்டியைப் பிடித்து நடந்தவர்கள். நம் வீடுகளுக்கு இந்தப் பொருளே புதிது.

வண்டியைத் துடைக்காதே, கீலுக்கு எண்ணெய் போடாதே, 'இறுக்கிப் பார்க்கிறேன்' என்று பக்கத்து வீட்டுக்காரர் திருப்புளியோடு வந்தால் அனுப்பிவிடு. பொருளை மாற்றினார்கள், தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்ல அவர்களுக்கு இடம் தரக் கூடாது. இருக்கிற நிலையிலேயே பழைய வேட்டியில் சுற்றிக் கட்டி வை. ஆணையம் அதை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாளுக்குள் அறிக்கை கேட்கலாம். ஆய்வுக் கட்டணத்தை நாம் கட்ட வேண்டியிருக்கும். மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, விபத்துப் பதிவேட்டின் நகல், மருந்துச் சீட்டுகள் அனைத்தும் வேண்டும். கட்டுப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் தேதியோடு ஒரு படம் எடுக்கச் சொல். உன் மகளுக்கு அதைப் பார்க்க மனம் வராது, நீயே எடு.

வழக்கை உங்கள் ஊரிலேயே, கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். புகார்தாரர் குடியிருக்கும் இடமே போதும். எந்த ஆணையம் என்பதை இப்போது தீர்மானிப்பது நாம் கேட்கும் இழப்பீடு அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கணவரைக் கார் விபத்தில் பறிகொடுத்த ஒரு பெண் 50 கோடிக்கு மேல் கேட்டும், காரின் விலை 50 லட்சத்துக்குள் இருந்ததால் மாவட்ட ஆணையத்துக்கே போக வேண்டும் என்ற நிலை வந்தது. அந்த ஏற்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை என்றாலும் நமக்கு இது வசதிதான்: 8,499 ரூபாய் வண்டிக்கு மனுக் கட்டணமே கிடையாது. சிவில் நீதிமன்றத்துக்குப் போனால் கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்டி, பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். அது நிறைய இருப்பது போலத் தோன்றும், ஆனால் விரல் ஆறிய பிறகு வீட்டில் எல்லோரும் மறக்க விரும்புவார்கள் என்பதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன், 15 நாள் தருவேன். மனு ஏற்கப்பட்டால் எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில் பதில் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. ஆய்வு தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. சொல்வது சட்டம் மட்டும்தான். வாய்தா வாய்தாவாக அது ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் இழுக்கலாம் என்று மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடு. தொகையும் திரைப்படத்தில் வருவது போல இருக்காது. இடையில் அவர்கள் நியாயமான தொகைக்கு இறங்கி வந்தால், ஆணையத்தின் சமரச மையத்தில் வைத்து எழுதிக்கொள்ளலாம்; அதற்கு நான் எதிரியல்ல. தொலைபேசிப் பேச்சில் முடிக்கும் சமரசத்துக்குத்தான் எதிரி.

இன்னொன்றும் செய்ய வேண்டும், அதை நான் இழப்பீட்டைவிட முக்கியமாக நினைக்கிறேன். அதே மாதிரி வண்டி இன்றும் விற்பனையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் 20-ஆம் பிரிவின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களுக்காக 2022-இல் பெரிய இணையச் சந்தைகள் மீதே அப்படி உத்தரவிட்டிருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு பிரதி போகலாம். இழப்பீட்டு வழக்கு முடிய எத்தனை நாளானாலும் இது அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அலைச்சலில்லாமல் முதல் பதிவாவது போட வேண்டுமென்றால் 1915 என்ற உதவி எண்ணில் மாப்பிள்ளை நாளையே புகாரைச் சொல்லி, வரும் எண்ணைக் குறித்துவைக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை நான் கோவை வருகிறேன். வண்டியை நானே விரித்தும் மடித்தும் பார்க்க வேண்டும். குழந்தை அந்த நேரம் அறையில் இருக்க வேண்டாம். அதற்குள் அந்தத் தொலைபேசிக்காரர் மீண்டும் அழைத்தால், 'எழுத்தில் அனுப்புங்கள்' என்ற இரண்டு சொல்லோடு மாப்பிள்ளை நிறுத்திக்கொள்ளட்டும். உன் வீட்டுச் சிறியவளுக்கு என் மனைவி ஏதோ பின்னிக்கொண்டிருக்கிறாள். விரல் ஆறும்வரை கையுறை வேண்டாம் என்றேன், தொப்பியாக மாற்றிவிட்டாள்.

உன் பழைய விடுதி அறைத்தோழன்.